பழுதான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வாரண்டிக்குக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, பி.ஜி.யிலோ வாடகை வீட்டிலோ சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இவை. கார்டைக் கழற்றுவது கால் மணி நேர வேலைதான். ஆனால் கவுன்டரில் இருப்பவர் ஒரு கீறலையோ வளைந்த தகட்டையோ காட்டி, ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று எழுதிவிட்டால் கார்டுக்குக் கொடுத்த பணம் அத்தனையும் போச்சு. அதனால் கழற்றுவதையும் கொடுப்பதையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

திரையில் கோடு விழுகிறது, சில நேரம் கறுப்பாகிவிடுகிறது. கோளாறு கார்டில்தான் என்று எப்படிச் சொல்வது?

முதலில் செலவில்லாத சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மானிட்டர் கேபிளை மாற்றுங்கள். கார்டிலேயே இன்னொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள். டிவி இருந்தால் அதில் இணைத்துப் பாருங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்ல வழியில்லை. பெரும்பாலும் கார்டின் மெமரியோ சிப்போதான் காரணம். விண்டோஸ் வந்த பிறகு மட்டும் தொல்லை என்றால், டிடியு என்று எல்லோரும் சொல்கிற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை சேஃப் மோடில் ஓட்டி, பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘கோட் 43’ என்று வந்து, இதற்குப் பிறகும் அது போகவில்லை என்றால் கார்டின் மீது சந்தேகம் வலுக்கிறது.

கேம் ஆடும்போது கம்ப்யூட்டரே சட்டென்று அணைந்துவிடுகிறதா? அப்படியானால் நான் கார்டுக்கு முன்னால், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான் சந்தேகப்படுவேன். எதுவானாலும் கடைசித் தீர்ப்பு ஒன்றுதான்: நண்பர் யாருடைய கம்ப்யூட்டரிலாவது உங்கள் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு வந்தால் வாதாட ஒன்றுமில்லை.

எப்போதாவதுதான் கோளாறு வருகிறது. சர்வீஸ் சென்டரில் நன்றாக ஓடிவிட்டால்?

இதுதான் அதிகம் நடப்பது. அவர்கள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள், படம் வரும், ‘கோளாறு இல்லை’ என்று எழுதித் திருப்பித் தந்துவிடுவார்கள். அதற்கு மருந்து, கார்டு இன்னும் உங்கள் கேபினெட்டில் இருக்கும்போதே ஆதாரம் சேர்ப்பது. போனில் வீடியோ எடுங்கள். திரையில் கோளாறு வரும் காட்சியிலிருந்து கேமராவை நிறுத்தாமல் அப்படியே கார்டின் பக்கம் திருப்புங்கள். எந்த கேம், ஆரம்பித்து எத்தனை நிமிடத்தில் வந்தது, அப்போது கார்டின் வெப்பநிலை எவ்வளவு, டிரைவர் பதிப்பு எது என்று நாலு வரி எழுதி, அச்செடுத்துக் கார்டோடு வையுங்கள். ‘அரை மணி நேரம் சூடான பிறகுதான் வரும்’ என்று தாளில் இருந்தால், சோதிப்பவரும் அவ்வளவு நேரம் ஓட்டிப் பார்ப்பார். வாயால் சொல்வது கவுன்டரோடு நின்றுவிடும். சோதிப்பவர் உள்ளே இருக்கிறார். அவரிடம் போவது தாள் மட்டும்தான்.

கழற்றுவதற்கு முன் வாரண்டி விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பில், பெட்டி, கார்டு மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் இருக்கும். பல கடைகள் ஜி.எஸ்.டி. பில்லிலேயே அதை அச்சிடும். அச்சிடாத பில் என்றால், வாங்கிய கடையில் கேட்டு எழுதி முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. சில கம்பெனிகள் பில் தேதியைப் பார்க்கும், சில கம்பெனிகள் சீரியல் எண்ணை மட்டும் பார்க்கும். உங்கள் கார்டுக்கு எது என்பதை அதன் வாரண்டி விதிகளில் படித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து அண்ணனோ மாமாவோ வாங்கி வந்த கார்டு என்றால் இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதை மெயிலில் கேட்டுப் பதில் வாங்காமல் கழற்ற வேண்டாம்.

கார்டை எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் ஓடுமா?

பிராசஸரைப் பொறுத்தது. இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் (12400எஃப், 13400எஃப் போல) உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கு இல்லை, 5600ஜி-க்கு உண்டு. ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களில், 7500எஃப் போன்ற சிலவற்றைத் தவிர, சாதாரண வேலைக்குப் போதுமான கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இருந்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்னால் இருக்கும் போர்ட்டில் செருகினால் போதும்.

இல்லாதவர்களுக்கு இரவல்தான் வழி. ஜிடி 710 மாதிரி சின்ன கார்டு யாரிடமாவது மூலையில் கிடக்கும். அதற்குத் தனியாக பவர் கேபிள்கூட வேண்டாம், ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வாரண்டி வேலை வாரக்கணக்கில் இழுக்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இந்த ஏற்பாட்டை முடித்துவிட்டுக் கழற்றுங்கள்.

இன்னொன்று. விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கார்டையோ பயாஸ் அமைப்புகளையோ மாற்றினால் சில கம்ப்யூட்டர்கள் அதைக் கேட்கும்.

டிரைவரை நீக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். அதே கம்பெனி சிப் உள்ள கார்டு திரும்பி வந்தால் பழைய டிரைவரே பெரும்பாலும் போதும். என்விடியா போய் ஏஎம்டி வந்தாலோ, அதற்கு மாறாக நடந்தாலோ, அப்போது டிடியு ஓட்டிக்கொள்ளலாம்.

என் போட்டோ, பாஸ்வேர்டு எதுவும் கார்டில் தங்கியிருக்குமா?

இல்லை. கார்டில் இருக்கும் மெமரி மின்சாரம் போனால் காலியாகிவிடும். கவலை இல்லாமல் கொடுக்கலாம்.

சரி, எப்படிக் கழற்றுவது?

ஷட் டவுன் செய்யுங்கள், ஸ்லீப் அல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மதர்போர்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அணைந்துபோவதைப் பார்க்கலாம். சில புத்தகங்கள் எர்த்துக்காக பிளக்கை விட்டுவைக்கச் சொல்லும். பழைய வாடகை வீடுகளில் அந்த மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்பதே சந்தேகம், அதனால் பிடுங்கிவிடுவதே என் கட்சி.

மெத்தை மீதோ கார்பெட் மீதோ வைத்து வேலை செய்யாதீர்கள். பெங்களூரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று வறண்டிருக்கும், கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போதே சடசடவென்று பொறி பறக்கும். அந்தப் பொறி சிப்புக்கு ஆகாது. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள், நடுவில் எழுந்து போய் வந்தால் மறுபடி தொடுங்கள்.

முதலில் மானிட்டர் கேபிள்கள். எச்.டி.எம்.ஐ. நேராக இழுத்தால் வந்துவிடும். டிஸ்ப்ளே போர்ட் கேபிளின் தலையில் பெரும்பாலும் ஒரு சின்ன பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் இழுத்தால் கார்டின் போர்ட்டே பிய்ந்து வரும், வாரண்டியும் அங்கேயே முடிந்துவிடும்.

பக்கக் கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கேபினெட்டை மதர்போர்டு கீழேயும் கார்டு மேல்நோக்கியும் இருக்கும்படி படுக்க வையுங்கள். நிமிர்ந்திருக்கும் கேபினெட்டில் ஸ்க்ரூவை எடுத்ததும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் கார்டின் மொத்த எடையும் ஸ்லாட்டில் தொங்கும், அதைத் தவிர்க்கத்தான் இது. கழற்றும் முன் எல்லா வயரும் தெரியும்படி ஒரு போட்டோ. பிறகு பவர் கேபிள்: கொக்கியை அழுத்தி, பிளக்கைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். (கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடியது) என்றால் கேபிளின் மறுமுனையை அப்படியே விட்டுவிடுங்கள். வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள் அதே துளையில் நுழைந்தாலும் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும். மாற்றிப் போட்டால் அடுத்த கார்டும் கருகும்.

கார்டைத் தாங்கும் முட்டு இருந்தால் எடுத்துவிட்டு, பின்பக்கத் தகட்டில் இருக்கும் ஒன்றிரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். இப்போது ஸ்லாட்டின் நுனியில், கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிளிப் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில போர்டுகளில் அதைக் கீழே அழுத்த வேண்டும், சிலவற்றில் பக்கவாட்டில் தள்ள வேண்டும். புதிய விலை கூடிய போர்டுகளில் ஓரத்தில் தனிப் பொத்தானே வைத்திருக்கிறார்கள். கிளிப் விட்டதும் கார்டின் இரண்டு முனைகளையும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். ஒரு முனை வந்து மறுமுனை மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், கிளிப் இன்னும் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். மின்விசிறியின் இறக்கையைப் பிடித்தும் தூக்க வேண்டாம், கீழே இருக்கும் தங்க நிறப் பற்களைத் தொடவும் வேண்டாம்.

பெரிய கூலர் மறைக்கிறது, கிளிப் கைக்கு எட்டவில்லை.

பிளாஸ்டிக் ஸ்கேல் அல்லது ஐஸ்கிரீம் குச்சியால் அழுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். வழுக்கினால் மதர்போர்டில் கோடு கிழித்துவிடும், அப்புறம் வாரண்டிக்குப் போக இரண்டு பொருளாகிவிடும். கிளிப்பே உடைந்துவிட்டதா? பெரிய கேடில்லை. ஸ்லாட் வேலை செய்யும், கார்டைப் பின்னால் ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும். கனமான கார்டு என்றால் முட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் கேபிள் செருகும் இடம் உருகியிருக்கிறது. என்ன செய்ய?

புதிய 16 பின் கனெக்டரில் இது வருகிறது. ஸ்லாட் 75 வாட் தரும், பழைய 8 பின் கேபிள் 150 வாட் தரும், இந்த 16 பின் ஒன்றே 600 வாட் வரை சுமக்கும். முழுதாக உட்காராமல் கொஞ்சம் விலகியிருந்தால் தொடும் இடம் சூடேறி பிளாஸ்டிக் உருகும்.

முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள். கேபினெட்டில் இருக்கும் நிலையிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கேபிள் வரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் கழற்றி, கேபிளோடு சேர்த்தே கொடுங்கள். கார்டோடு வந்த கேபிளா, எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்ததா, வெளியில் அழகுக்காக வாங்கியதா என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். அழகுக் கேபிள் என்றால் வாதம் கொஞ்சம் கடினமாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கொடுப்பதற்கு முன் சுத்தம் செய்யலாமா? சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவியிருக்கும் பேஸ்டை மாற்றிப் பார்க்கலாமா?

தூசியை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டலாம், ஊதலாம். ஊதும்போது மின்விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி, திரவம் எதுவும் வேண்டாம். சீரியல் ஸ்டிக்கர் மேல் கை படவே கூடாது.

பேஸ்ட் மாற்றுவது பற்றி யூடியூப் ஆயிரம் சொல்லும். கூலரின் ஸ்க்ரூ ஒன்றின் தலையில் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதைக் கிழித்த பிறகு ‘நான் திறக்கவில்லை’ என்று சொல்ல முடியாது. வாரண்டி இருக்கும் கார்டைத் திறப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பின்பக்கத் தகட்டில் துரு இருந்தால் அதுவும் மறுப்புக்குக் காரணமாகலாம். பெங்களூரில் இது குறைவு. கார்டு சென்னையிலோ மும்பையிலோ சில வருடம் இருந்துவிட்டு வந்ததென்றால் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதில் சுற்றிக் கொண்டுபோவது?

கார்டோடு வந்த சாம்பல் நிற ஆன்டிஸ்டாடிக் பைதான் சரி. அது இல்லையென்றால் மதர்போர்டு வந்த பையும் உதவும். வெறும் பபிள் ராப்பையோ தெர்மாகோலையோ கார்டின் மேல் நேராகச் சுற்றாதீர்கள், இரண்டுமே நிலைமின்சாரம் சேர்ப்பவை. பைக்குள் போட்ட பிறகு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம். ஸ்லாட்டில் நுழையும் பற்களுக்கும் போர்ட்டுகளுக்கும் பிளாஸ்டிக் மூடிகள் வந்திருந்தால் மாட்டுங்கள். ஸ்க்ரூக்களைக் கார்டோடு அனுப்ப வேண்டாம், வீட்டிலேயே டப்பாவில் இருக்கட்டும்.

பைக்கின் முன் கொக்கியில் தொங்கவிட்டு ரோட்டுக் குழிகளில் ஏற்றி இறக்குவதை விட, முதுகுப் பையில் போட்டு மெட்ரோவில் போவது மேல். கூரியரிலோ கலாசிபாளையத்திலிருந்து பஸ் பார்சலிலோ ஊருக்கு அனுப்புவதாக இருந்தால், அசல் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, குலுக்கினால் அசையாதபடி இடைவெளியை நிரப்புங்கள். பொருளின் மதிப்பை எழுதி இன்சூரன்ஸ் போடுங்கள்.

பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். கடைக்குப் போவதா, சர்வீஸ் சென்டருக்கா?

இரண்டும் நடக்கும். கடைக்காரர் நல்லவராக இருந்தால் அவரே வாங்கி அனுப்பித் தருவார். ஆனால் உங்களுக்கும் சர்வீஸ் சென்டருக்கும் நடுவே இன்னொரு கை சேர்கிறது, தாமதமானால் யாரைக் கேட்பது என்று குழப்பமாகும். கம்பெனியின் அல்லது அதன் இந்திய விநியோகஸ்தரின் தளத்தில் முதலில் புகார் பதிந்து, எண் வாங்கிக்கொண்டு நேரில் போவதையே நான் சொல்வேன். கடைக்கே போவதென்றால் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. இங்கே எடுத்துக்கொள்வார்களா?

வாரண்டி கம்பெனியுடையது, இந்தியாவுக்காக வந்த கார்டு என்றால் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரர் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த ‘கடை வாரண்டி’ மட்டும்தான் என்றால் ரிச்சி தெருவுக்கே போக வேண்டும்.

கன்னடமும் இந்தியும் தடுமாறுகிறது. கவுன்டரில் சமாளிக்க முடியுமா?

பெங்களூரில் இது ஒரு பிரச்சினையா என்ன! பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். ‘சொல்ப நோடி சார்’ (கொஞ்சம் பாருங்கள் சார்) என்று ஆரம்பித்தால் எதிரில் முகம் மலரும், மீதியை அந்த அச்செடுத்த தாள் பார்த்துக்கொள்ளும்.

கார்டைக் கொடுக்கும்போது என்ன எழுதி வாங்க வேண்டும்?

ஜாப் ஷீட் (கார்டைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சீட்டு) இல்லாமல் கார்டைக் கையை விட்டு விடாதீர்கள். அதில் மாடல், சீரியல் எண், நீங்கள் சொன்ன கோளாறு, தேதி நான்கும் இருக்க வேண்டும். கார்டின் நிலை என்ற இடத்தில் கீறல் இல்லை, உடைசல் இல்லை என்று அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வெறுமனே விட்ட இடத்தில் பிறகு எது வேண்டுமானாலும் ஏறும். கவுன்டரில் கார்டு இருக்கும்போது இரண்டு பக்கமும், பற்கள் தெரியும்படியும் போட்டோ எடுங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள், தடுத்தால் அதற்கு முன்பே வீட்டில் எடுத்தது கைகொடுக்கும். பெட்டி, முட்டு, கேபிள் எதையும் அவர்களாகக் கேட்டால் தவிர கொடுக்க வேண்டாம் (உருகி ஒட்டிக்கொண்ட கேபிள் மட்டும் விதிவிலக்கு). பில்லின் நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டினால் போதும்.

வாரக்கணக்காக இழுக்கிறார்கள், அல்லது ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று மறுக்கிறார்கள்.

போனில் சண்டை போடுவது வீண். எந்த இடத்தில் என்ன சேதம் என்று போட்டோவோடு எழுத்தில் கேளுங்கள், உங்கள் போட்டோக்களை இணைத்து மெயிலில் பதில் போடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல நேரங்களில் இங்கே புகார் பதிந்தாலே கம்பெனியிலிருந்து யாராவது அழைப்பார்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்கு போடலாம்; கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

மாற்றுக் கார்டு தருகிறார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா?

அங்கேயே பாருங்கள். புதிய சீரியல் எண்ணை எழுதிய முத்திரை போட்ட தாள் வேண்டும். உங்கள் பில்லில் இருப்பது பழைய எண், நாளைக்கு இதுவும் பழுதானால் இரண்டையும் இணைப்பது அந்தத் தாள்தான். மீதி வாரண்டி எத்தனை மாதம் என்றும் எழுதச் சொல்லுங்கள், பெரும்பாலும் பழைய கார்டின் மிச்சக் காலம்தான் தொடரும். உங்கள் மாடல் வரத்து நின்றுபோயிருந்தால் வேறு மாடல் தருவார்கள். அதன் நீளம் உங்கள் கேபினெட்டில் அடங்குமா, எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா, அதற்கான கேபிள் இருக்கிறதா என்று பார்க்காமல் சரி சொல்ல வேண்டாம். குறைந்த மாடல் என்றால் மறுக்கலாம். பணமாகவோ கிரெடிட் நோட்டாகவோ தருவதானால் தேய்மானம் என்று எவ்வளவு கழிக்கிறார்கள், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டி, முன்பு எந்த கேம் எத்தனை நிமிடத்தில் நின்றதோ அதையே முதலில் ஓட்டுங்கள். மாற்றாக வருவது பழுது பார்த்த கார்டாகவும் இருக்கலாம். கோளாறு வந்தால் அன்றே மெயில் போடுங்கள்.